நிலையின்மையா, பிறர் தயவா?

'பிரிகேரியஸ்' என்ற ஆங்கிலச் சொல்லைக் கண்டதும் 'நிலையற்ற' என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குச் சென்றுவிடுவது நம் மொழிபெயர்ப்பாளர் பலருக்கு வழக்கமாகிவிட்டது. இம்மொழிபெயர்ப்பு ஓர் ஆளை மறைத்துவிடுகிறது என்பதே நம் குற்றச்சாட்டு. அந்த ஆள் யார் என்பதைச் சொல்லின் பிறப்பே காட்டிக்கொடுக்கும்.

இலத்தீனில் 'பிரெக்ஸ்' என்றால் வேண்டுதல். அதன் வழிவந்த 'பிரிகேரியுஸ்' இரந்து பெற்றதைக் குறித்தது. உரோமானியச் சட்டத்தில் 'பிரிகேரியம்' என்றே ஓர் ஏற்பாடு உண்டு. ஒருவன் வேண்டிக் கேட்பான். உடைமைக்காரன் வாடகையின்றித் தன் நிலத்தை அனுபவிக்க விடுவான். நினைத்தபோது திரும்பப் பெற்றுக்கொள்வான். இடையில் வேறொருவன் வந்து அந்நிலத்தைப் பறித்தால் அனுபவிப்பவனுக்குச் சட்டம் துணை நின்றது. கொடுத்தவனே வந்து வெளியேறு என்றால் எந்தத் துணையும் இல்லை.

17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோதும் பிறர் விருப்பத்தைச் சார்ந்திருத்தல் என்ற பொருளே இச்சொல்லுக்கு இருந்தது. பின்னர் உறுதியற்ற எதற்கும் அதைச் சூட்டலாயினர். சாமுவேல் ஜான்சன் 1755இல் வெளியிட்ட தம் அகராதியில் இதைக் கண்டித்தே எழுதினார். வானிலைக்கும் பகடைக்கும் இச்சொல்லைப் பயன்படுத்துவது தகாது என்பது அவர் கட்சி. பகடையிடம் யாரும் விண்ணப்பம் கொடுப்பதில்லை அல்லவா!

'பொருள் மாறுவது மொழியின் இயல்பு. வேரைப் பிடித்துத் தொங்கலாமா?' என்று நண்பர்கள் கேட்கக்கூடும். ஆடும் ஏணிக்கு 'நிலையற்ற' போதும், மறுக்கவில்லை. ஆனால் இன்று இச்சொல் அதிகம் ஒட்டிக்கொண்டிருப்பது வேலையோடு. கய் ஸ்டாண்டிங் 2011இல் வெளியிட்ட நூல், பாதுகாப்பற்ற வேலையில் காலந்தள்ளுவோரைக் குறிக்கும் 'பிரிகேரியட்' என்ற பெயரைப் பரவலாக்கியது. அங்கே பழைய வேர் அப்படியே உயிரோடிருக்கிறது.

'நிலையற்ற வேலை' என்று எழுதினால், கடலலை போல வேலை தானாகவே ஆடுவதாகத் தோன்றும். ஆட்டுவிப்பவர் வாக்கியத்திலிருந்து நழுவிவிடுவார். ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதும் புதுப்பிக்க மறுப்பதும் ஒருவரது கையெழுத்து. அக்கையெழுத்துக்காக ஆண்டுதோறும் வாசலில் காத்து நிற்பவரைக் 'கௌரவ விரிவுரையாளர்' என்றழைக்கும் வித்தையும் நம்மூரில் உண்டு!

இரவச்சத்துக்கென்று வள்ளுவர் தனி அதிகாரமே வகுத்த மொழி இது. இரந்து நிற்கும் நிலையைச் சொல்ல இதில் சொற்பஞ்சம் இல்லை. 'பிறர் தயவில் உள்ள வேலை' என்று எழுதிப் பாருங்கள். யாருடைய தயவு என்ற கேள்வி உடனே எழும். எழ வேண்டிய கேள்வி அதுதான்.