ஒளியோடு ஒளி சேர்ந்தால்

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் தாம்பரத்தில் ஜி.எஸ்.டி. சாலையைக் கடப்போர், நனைந்த தாரின்மீது மயில் தோகை விரித்தாற்போன்ற வண்ணத் திட்டுகளைக் கண்டிருப்பர். லாரிகளிலிருந்து சொட்டிய எண்ணெய் மழைநீரில் பரவியதால் உண்டான கோலம் அது. "எண்ணெயின் நிறம்" என்று பிள்ளைகளுக்கு நாம் சொல்லிவிடுகிறோம். அது சரியன்று. அதே எண்ணெயைக் கிண்ணத்தில் ஊற்றினால் அந்த நீலமும் செம்மையும் அங்கே இரா.

வண்ணங்களைப் பிறப்பிப்பது எண்ணெய்ப் படலத்தின் மெல்லிய தடிப்பே. அதன்மேல் விழும் ஒளியில் ஒரு பகுதி மேற்பரப்பிலேயே திரும்புகிறது. மற்றொரு பகுதி உள்ளே சென்று, எண்ணெயும் நீரும் சந்திக்குமிடத்தில் திரும்பி வருகிறது. ஓர் அலையே இரண்டாகப் பிரிந்து, சற்றே வேறுபட்ட தொலைவு நடந்து, மீண்டும் கூடுகிறது. முகடும் முகடும் சேர்ந்தால் ஒளி மிகும்; முகடும் அகடும் சேர்ந்தால் மங்கும். சிவப்பொளியின் அலைநீளம் ஏறத்தாழ 0.0007 மில்லிமீட்டர், ஊதாவுக்கு 0.0004. ஆகவே ஓரிடத்தில் சிவப்பு அவிந்து நீலம் எஞ்சும். தடிப்பு மாறிய அடுத்த விரற்கடையில் நீலம் அவிந்து சிவப்பு ஓங்கும். இதனைக் குறுக்கீட்டு விளைவு என்பர். வண்டலூர்ப் பூங்காவின் மயிற்கழுத்து நீலமும் இவ்வகையினதே. அதில் நீலச் சாயம் ஏதுமில்லை.

அப்படியாயின், பீடத்தில் எரியும் இரு மெழுகுதிரிகள் ஏன் சுவரில் இருட்கோடுகளை வரைவதில்லை? நல்ல கேள்வி. சுடரிலுள்ள கோடானுகோடித் துகள்கள் ஒன்றோடொன்று இசையாமல், தத்தம் போக்கில் ஒளியை உமிழ்கின்றன. இரு சுடர்களின் அலைகள் ஓரிடத்தில் கொள்ளும் பொருத்தம் நொடியில் கோடியில் ஒரு பங்கு நேரங்கூட நிலைப்பதில்லை. கண்ணுக்கு எட்டுவது சராசரி வெளிச்சமே. குறுக்கீடு தெளிவாய்த் தெரிய, ஒரே மூலத்திலிருந்து பிரிந்த அலைகள் வேண்டும்.

மங்கிய இடத்து ஒளி எங்கே போயிற்று? அழியவில்லை. படலத்தில் திரும்பாத நிறம் கீழே நீருக்குள் சென்றுவிட்டது. திரையிலானால், இருட்கோட்டின் பங்கு பக்கத்து ஒளிக்கோட்டில் சேர்ந்திருக்கும்.

ஒளியூட்டிய பொருள்மீது மேலும் ஒளி சேர்ந்தால் அது இருளடையக்கூடும் என்று முதலில் எழுதியவர்களுள் ஒருவர் இத்தாலிய இயேசு சபைக் குரு கிரிமால்தி. அவருடைய நூல் அவர் இறந்த பின்னரே, 1665-இல், வெளிவந்தது. அலைக் கொள்கையால் இதனை விளக்கியவர் இங்கிலாந்தின் தாமஸ் யங், அது 1801-இல். நம் சென்னைக்கும் இதில் பங்குண்டு. மாநிலக் கல்லூரி மாணவராயிருந்த சி. வி. இராமன், செவ்வகப் பிளவின்வழிச் சாய்வாக வரும் ஒளியின் வரிகள் இருபுறமும் ஒத்திராமையைக் கண்டு எழுதிய கட்டுரை, 1906-இல் இலண்டனின் 'பிலசாபிக்கல் மேகசின்' இதழில் வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது 18.

வீட்டிலேயே பார்க்க விரும்பும் சிறுவர்கள், கம்பி வளையத்தைச் சோப்பு நீரில் தோய்த்துச் செங்குத்தாகப் பிடிக்கட்டும். நீர் வடிய வடிய வண்ணப் பட்டைகள் கீழிறங்கும். கடைசியில் மேல்விளிம்பு கறுக்கும். அங்கே படலம் மிக மெலிந்து, இரு அலைகளும் நடந்த தொலைவு ஏறத்தாழ ஒன்றாகிவிட்டது. ஆயினும் முன்பரப்பில் திரும்பும் அலை தலைகீழாவதால் ஒன்றையொன்று அவித்துவிடுகின்றன. கறுப்பு தெரிந்ததும் கூர்ந்து பாருங்கள். படலம் உடைய அதிக நேரமிராது.