அம்பரப்பர் மலையும் அயன்மொழி அறிவியலும்

போடிநாயக்கனூரில் ஞாயிறு தோன்றுமுன்பே பகல் தொடங்கிவிடும். ஏலத் தோட்டங்களுக்குக் கூலிவேலைக்குச் செல்லும் பெண்கள், தூக்குச் சட்டியில் சோற்றுடன், வண்டிகளில் நெருக்கியடித்து அமர்ந்து போடிமெட்டுச் சாலையின் வளைவுகளில் ஏறிச் செல்வர். மாலையில் அவ்வளைவுகளிலேயே இறங்கி வருவர். 1956-ஆம் ஆண்டு மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்திற்குப் போயின. மலைமுகடு ஒரு மாநிலம், அடிவாரம் வேறொரு மாநிலம். இரண்டுக்கும் இடையில் ஏறி இறங்கி உழைப்பன தமிழ்க் கைகள். அம்மலைகளைப் பற்றி முடிவெடுக்கும்போது அக்கைகளுக்கு உரியவரைக் கேட்கும் வழக்கம் அன்றும் இல்லை, பின்னும் ஏற்படவில்லை. பொட்டிப்புரத்து நுண்ணொதுமி ஆய்வகத் திட்டம் அதற்கு அண்மைக்காலச் சான்று.

தேனி மாவட்டம் பொட்டிப்புரம் சிற்றூரை ஒட்டி நிற்கிறது அம்பரப்பர் மலை. போடி மேற்குமலையைச் சேர்ந்த அதனுள் ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் நீளத்திற்குச் சுரங்கவழி அமைத்து, அதன் முடிவில் 132 மீட்டர் நீளமும் 26 மீட்டர் அகலமும் கொண்ட பெருங்குடைவறை ஒன்றை வெட்டி, காந்தமேற்றிய இரும்புத் தகடுகளாலான 50,000 தொன் எடையுள்ள கருவியை அங்கே நிறுவுவது என்பதே திட்டம். முதலில் நீலமலையில் சிங்காராவைத்தான் தேர்ந்தனர். முதுமலைப் புலிக்காப்பகத்தின் அண்மையைக் காட்டி 2009-இல் நடுவணரசின் சுற்றுச்சூழல் அமைச்சகமே அங்கு இசைவு மறுத்தது. அதன்பின் போடி மலையின்மேல் பார்வை விழுந்தது. 2015 சனவரியில் நடுவண் அமைச்சரவை ஏறத்தாழ 1,500 கோடி உருபாச் செலவுக்கு ஒப்புதல் தந்தது. மும்பையிலுள்ள தாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனம் திட்டத்தை முன்னின்று நடத்தியது.

நியூட்ரினோ என்று நாளிதழ்கள் எழுதும் துகளையே நுண்ணொதுமி என்கிறோம். நொதுமல் என்பது பகையுமன்று, நட்புமன்று. இரண்டிற்கும் அயலான நிலை. நேர்மின்னும் எதிர்மின்னும் ஏறாத ஒரு துகளைக் குறிக்க இதனினும் பொருந்திய சொல் எங்கே கிடைக்கும்? நியூட்ரினோ என்பதும் இத்தாலிய மொழியில் 'சிறிய நொதுமல்' என்றே பொருள்படும். இத்தாலியன் தன் மொழியில் பெயர் வைத்தால் அஃது அறிவியல். தமிழன் தன் மொழியில் பெயர் வைத்தால் அது வெறியாம்! இப்படிச் சொல்லிப் பழகியவர்கள் வெளியில் மட்டும் இல்லை. தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களிலேயே இருக்கின்றனர்.

இத்துகள் இருத்தல் வேண்டுமென 1930-இல் பவுலி என்னும் அறிவியலார் கணித்தார். 1956-இல் இரைன்சும் கோவனும் அதனைச் செய்முறையில் கண்டனர். கதிரவனிலிருந்து புறப்படும் நுண்ணொதுமிகள் ஒரு விரல்நுனி அளவுள்ள இடத்தை நொடிக்கு ஏறத்தாழ 6,500 கோடி என்னும் கணக்கில் ஊடுருவிச் செல்கின்றன. ஏலச்செடியின் இலையிலும், பறிக்கும் பெண்ணின் கையிலும், அவள் காலடிப் பாறையிலும் அவை எதனையும் தீண்டாமல் புகுந்து வெளியேறுகின்றன. உலகு தோன்றிய நாள்முதல் இஃது இவ்வாறே நிகழ்ந்து வருகிறது. இவற்றால் எவருக்கும் எத்தீங்கும் இல்லை.

இதனை இங்கு அழுத்திச் சொல்வதற்குக் கரணியம் உண்டு. திட்டத்தை எதிர்த்த மேடைகள் சிலவற்றில் இத்துகளே நஞ்சு என்றும், இதன் கதிர்வீச்சால் ஊர் அழியும் என்றும் பேசப்பெற்றது. அது பிழை. தமிழ்நலம் நாடுவோர் பொய்யைக் கருவியாகக் கொள்ளுதல் ஆகாது. பகைவன் கண்டு நகைக்கும் ஒரு பொய், மெய்யான பத்து வழக்குகளைத் தோற்கடித்துவிடும். அம்பரப்பர் மலையின் வழக்கு பொய்யைத் துணைக்கழைக்க வேண்டாத அளவுக்கு வலியது.

துகளால் தீங்கில்லை, தீங்கு குடைதலில் உள்ளது. விண்ணினின்று பொழியும் பிற துகள்களைத் தடுத்து நிறுத்த, கருவியின் நாற்புறமும் தலைமேலும் பல நூறு மீட்டர்ப் பாறை வேண்டும். அதற்காகவே மலை வேண்டப்படுகிறது. அப்பாறையை வெடிவைத்துத் தகர்த்து வெளியேற்றினால்தான் குடைவறை உருவாகும். வெடியின் அதிர்வு பாறைப் பிளவுகளில் ஊறிவரும் நீர்க்கால்களை என்ன செய்யும், கொட்டகுடி ஆற்றின் நீர்ப்பிடிப்புக்கு என்ன நேரும், அகழ்ந்த கல்லை எங்கே கொட்டுவர், வேலைக்கு வேண்டும் நீரை எங்கிருந்து எடுப்பர் என்பவை அடிவாரத்து உழவர் கேட்ட கேள்விகள். மேலும், கேரளத்தின் மதிகெட்டான் சோலைக் காப்புக்காடு அங்கிருந்து ஐந்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது. திருவில்லிபுத்தூர், மேகமலைக் காடுகள் 2021-இல் புலிக்காப்பகமாக அறிவிக்கப்பெற்றன. சிங்காராவில் புலிக்காகத் தவிர்த்த ஒன்றைப் போடியில் எம்முறையில் ஏற்பது?

வழக்குகள் நடந்த வரலாறும் எண்ணிப் பார்க்கத்தக்கது. வைகோவும் பூவுலகின் நண்பர்கள் அமைப்பினரும் முறைமன்றங்களின் கதவைத் தட்டினர். மாநில மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவின்றிப் பணி தொடங்கலாகாது என்று 2015-இல் மதுரை உயர்முறைமன்றக் கிளை தடுத்தது. 2011-இல் வழங்கப்பெற்ற சுற்றுச்சூழல் இசைவை 2017 மார்ச்சில் பசுமைத் தீர்ப்பாயம் நிறுத்தி வைத்தது. மறு ஆண்டே நடுவண் அமைச்சகம் இதனைச் சிறப்புத் திட்டமாகக் கருதி மீண்டும் இசைவளித்தது. எந்தப் பிரிவின்கீழ் ஆய்ந்து அளித்தது? கட்டடம் எழுப்பும் பணிகளுக்குரிய பிரிவின்கீழ்! மலையைக் குடைவதும் மாடிவீடு கட்டுவதும் தில்லியின் ஏட்டில் ஒன்றாயின. 2018 நவம்பரில் தீர்ப்பாயம் அவ்விசைவை நீக்க மறுத்தபோதும், காட்டுயிர் வாரியத்தின் ஒப்புதல் பெற்றாக வேண்டும் என்றது. 2021-இல் தமிழ்நாட்டு முதலமைச்சர் திட்டத்தைக் கைவிடுமாறு தலைமையமைச்சரை வேண்டினார். 2022 பிப்ரவரியில், மேற்குமலையில் இதற்கு இடந்தர இயலாதென்று தமிழ்நாட்டரசு உச்ச முறைமன்றத்தில் உறுதியுரை அளித்தது. மலை குடையப்படவில்லை.

மலை தப்பியது என்று மகிழ்ந்து அமைவோர் உளர். அறிவியல் தோற்றது என்று வருந்துவோரும் உளர். இருவருமே நடந்ததன் வேரைத் தொடவில்லை. மலைக்கும் அறிவியலுக்கும் பகை ஏதுமில்லை. மக்களுக்கும் அறிவியலுக்கும் இடையே ஓர் அயன்மொழிச் சுவர் நின்றது. அச்சுவரின் இருபுறமும் அச்சமும் இறுமாப்பும் தனித்தனியே வளர்ந்தன.

கோலார் தங்கவயலின் கதையை எண்ணுக. 1965-ஆம் ஆண்டு, அங்கே நிலமட்டத்திற்குக் கீழே இரண்டு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில், தாட்டா நிறுவன அறிவியலாரும் சப்பானிய, ஆங்கில அறிவியலாரும் சேர்ந்து, காற்று மண்டலத்தில் தோன்றும் நுண்ணொதுமிகளை உலகில் முதன்முதல் பதிவு செய்தோருள் இடம் பெற்றனர். அச்சுரங்கத்தைக் குடைந்தவருள் பெரும்பாலோர் வட ஆர்க்காட்டுப் பகுதியிலிருந்து பஞ்சம் பிழைக்கச் சென்ற தமிழர். அவர் தோண்டிய குழியில் உலகப் புகழ் விளைந்தது. விளைந்த செய்தி ஆங்கிலத் தாள்களில் ஏறிக் கடல் கடந்தது. குழி தமிழனுடையது, கூலியும் தமிழனுடையது. அறிவு மட்டும் அவன் மொழிக்குள் வரவில்லை. 2001-இல் சுரங்கம் மூடப்பெற்றபோது அவனுக்கு எஞ்சியவை தூசு படிந்த நுரையீரலும் பாழடைந்த குடியிருப்புமே.

அம்பரப்பர் மலையின் பாறைக்கு நிலவியலார் இட்ட பெயரும் இக்கதையையே சொல்கிறது. அப்பாறை வகைக்குச் சார்னோக்கைட்டு என்று பெயர். கிழக்கிந்தியக் கும்பினியின் வணிகன் சோபு சார்னோக்கு என்பானின் கல்கத்தாக் கல்லறையில் சென்னைப் பகுதிப் பாறை பதிக்கப்பட்டிருந்தது. அக்கல்லை ஆராய்ந்த ஆலந்து என்னும் ஆங்கிலேயர் 1893-இல் அவ்வணிகன் பெயரையே பாறைக்குச் சூட்டினார். பல்லாவரத்தில் கல்லுடைத்தவனுக்கு அக்கல் என்ன பெயரால் வழங்கியது என்று எவரும் கேட்டாரில்லை. தமிழன் காலடியில் கிடக்கும் கல்லுக்குக் கும்பினிக்காரன் பெயர்; தமிழன் உடலை ஊடுருவும் துகளுக்கு இத்தாலியப் பெயர்!

பொட்டிப்புரத்து மக்களுக்குத் தமிழில் விளக்கத்தாள்கள் தரப்பெற்றன என்பர். தரப்பெற்றன, மறுப்பதற்கில்லை. ஆயினும் முடிவெடுத்தபின் வந்து தேற்றுவது வேறு; முடிவெடுக்குமுன் வந்து கேட்பது வேறு. சுற்றுச்சூழல் விளைவுகளை ஆயும் அறிக்கைகள் ஆங்கிலத்தில் எழுதப்பெற்று, ஆங்கிலத்திலேயே ஆயப்பெற்று, ஆங்கிலத்திலேயே இசைவு பெறுகின்றன. அறிவியலார் அதன்பின் ஊருக்கு வந்து 'அஞ்சற்க' என்கின்றனர். கேளாத காதுக்குச் சொன்ன ஆறுதல் எவ்வளவு பயன்படும்? கூடங்குளத்தைக் கண்ட மக்கள், அணுக்கழிவைப் புதைக்கவே மலையைக் குடைகின்றனர் என ஐயுற்றனர். அறிவியலார் அதனை மறுத்தனர். மறுப்பு மெய்யாகவே இருக்கலாம். ஆனால் நம்பிக்கை என்பது கடைசி நாளில் அச்சிட்டு வழங்கும் தாளன்று.

நடுவணரசின் மனப்போக்கை அறிய வேறொரு சான்றும் உண்டு. 2020-ஆம் ஆண்டு, சுற்றுச்சூழல் விளைவாய்வு விதிகளை மாற்றும் வரைவு ஒன்று வெளியாயிற்று. நாடெங்கும் உள்ள மக்கள் கருத்துரைக்க வேண்டிய அவ்வரைவு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வந்தது. எட்டாம் பட்டியலில் உள்ள 22 மொழிகளிலும் பெயர்த்து வெளியிடுமாறு தில்லி உயர்முறைமன்றம் ஆணையிட்டது. நடுவணரசு என்ன செய்தது? அவ்வாணையை எதிர்த்து உச்ச முறைமன்றம் சென்றது! ஒரு மொழிபெயர்ப்பைச் செய்யாதிருப்பதற்காக உச்ச முறைமன்றம் வரை செல்லும் ஓர் அரசு, பொட்டிப்புரத்து உழவனிடம் இசைவு கேட்கும் என்று எவ்வாறு நம்புவது?

'அறிவியலைத் தாய்மொழியில் சொல்ல இயலுமா' என்று கேட்பவருக்குச் சப்பான் விடை தந்திருக்கிறது. 2008-ஆம் ஆண்டு இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்ற மசுகாவா, பரிசுப் பேருரையைச் சப்பானிய மொழியிலேயே ஆற்றினார். அந்நாட்டில் பழைய சுரங்கத்தினுள் 50,000 தொன் தூயநீரைத் தேக்கிய கருவியால், நுண்ணொதுமிக்கு நிறை உண்டு என 1998-இல் காட்டிய கசித்தா 2015-இல் அப்பரிசைப் பகிர்ந்துகொண்டார். அண்மையில் சீனமும் 20,000 தொன் நீர்மம் நிறைந்த கருவியை நிலத்தடியில் அமைத்து 2025-இல் இயக்கத் தொடங்கிவிட்டது. தத்தம் மொழியில் பயின்ற இனங்கள் நிலத்தடியிலும் விண்ணிலும் முந்துகின்றன. ஆங்கிலத்தில் பயின்றால்தான் அறிவு வளரும் என்ற நாடு, ஒரு மலையடிவாரத்து ஊரின் நம்பிக்கையைப் பெறவும் மாட்டாமல் நிற்கிறது.

இதில் தமிழருக்கும் இழப்புண்டு. அதனை மறைத்தல் நேர்மையன்று. மதுரைக்கு அருகே ஓர் உயர் இயற்பியல் ஆய்வு நடுவம் வளர்ந்து, தென்பாண்டிப் பிள்ளைகள் அங்கே பயின்று உலக அறிவியலில் கால்பதிக்கும் வாய்ப்பும் இத்திட்டத்தோடு பிணைந்திருந்தது. மலை காக்கப்பெற்றது சரியே. ஆனால் ஒவ்வொரு முறையும் 'வேண்டா' என்னும் ஒரு சொல்லை மட்டுமே சொல்ல வேண்டிய நிலையில் ஓரினம் இருக்கலாமா? எவ்வாய்வு வேண்டும், எங்கே வேண்டும், எவ்வளவு விலைக்கு வேண்டும் என்று தானே ஆய்ந்து சொல்லும் ஆற்றல் அதற்கு வேண்டாமா? எதிர்ப்பது உரிமை, தேர்ந்து கொள்வது ஆளுமை. முன்னதோடு நின்றுவிடும் இனம் என்றும் பிறர் தீட்டும் திட்டத்திற்கு விடைசொல்லிக் கொண்டே காலம் கழிக்கும்.

ஆகவே வேண்டுவன மூன்று. ஒரு மலையையோ ஆற்றையோ கடற்கரையையோ தொடும் எத்திட்டத்தின் முழு அறிக்கையும், முடிவெடுக்குமுன் அவ்வூர் மக்களின் மொழியில் வெளிவர வேண்டும். அவ்வாறு வெளிவராத அறிக்கை செல்லாதெனச் சட்டம் வேண்டும். பள்ளி முதல் பல்கலைக்கழகம் வரை இயற்பியலும் வேதியலும் பொறியியலும் தமிழில் கற்பிக்கப்பெற வேண்டும். மூன்றாவது, ஆட்சியாளரை எதிர்பாராமல் தமிழறிந்தவரே செய்ய வேண்டியது: இயற்பியல் கற்ற ஒவ்வொரு தமிழனும் தான் கற்றதைத் தன் ஊரார்க்குத் தமிழில் சொல்லுதல். தூயதமிழ் என்பது பழைய பாட்டைக் காத்துவைக்கும் பெட்டி மட்டுமன்று. புதிய அறிவு முளைக்கும் நிலமும் அதுவே. புதிய பொருளைத் தன் சொல்லால் சுட்ட மறுக்கும் மொழி, முதலில் ஆய்வகத்தை இழக்கும். பிறகு அலுவலகத்தை இழக்கும். இறுதியில் மலையையும் இழக்கும்.

ஏலம் என்பது தமிழ்மலை தந்த மணப்பொருளின் பெயர். கூவி விற்கும் ஏலமோ போர்த்துக்கீசியர் வழி வந்த சொல். ஒலியில் ஒன்றாயினும் இரண்டும் ஒன்றல்ல. போடி மலைச்சரிவில் முன்னது விளையட்டும். பின்னதற்கு அம்மலை போகாதிருக்கட்டும். அதற்குக் காவல், நாளை விடியலில் வளைவேறிச் செல்லும் அப்பெண்ணின் மகள், தன் தலைக்குமேலுள்ள மலையையும் தன் உடலை ஊடுருவும் துகளையும் தன் மொழியிலேயே அறிந்திருப்பதுதான்.