பூச்சிக்கு ஊசி வேண்டாம், போட்டோ போதும்!



நம்ம அமராவதி நகர் என்றதும் வெளியூர்க்காரர்கள் சொல்வது இரண்டுதான்: அணை, முதலைப் பண்ணை. ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்கள் எல்லாரும் செல்போனில் முதலையைத்தான் படம் பிடிக்கிறார்கள். நம் பள்ளி வேலியோரம் நிற்கும் எருக்கஞ்செடியை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. நான் எழுத வந்தது அந்த எருக்கஞ்செடியைப் பற்றியும், அறிவியல் கண்காட்சிக்கு நாம் செய்யும் பூச்சிப் பெட்டியைப் பற்றியும்தான்.

பூச்சிப் பெட்டி எல்லாருக்கும் தெரியும். தெர்மாகோல் அட்டையில் பட்டாம்பூச்சி, தட்டான், பொன்வண்டு எல்லாவற்றையும் குண்டூசியால் குத்தி, கீழே பெயர் எழுதி வைப்போம். கொஞ்ச நாளில் எறும்பு வந்து உடம்பைத் தின்றுவிட்டு இறக்கையை மட்டும் மிச்சம் வைக்கும். இனிமேல் இது வேண்டாம். பூச்சி உயிரோடு இருக்கும்போதே கிட்டத்தில் எடுத்த படங்களை வைப்போம் என்பது என் கருத்து.

இப்படி எடுப்பதற்கு மேக்ரோ போட்டோகிராபி என்று பெயர். கேமராவுக்குள் படம் பதியும் இடத்தில் பூச்சி அதன் நிஜ அளவிலேயே விழுந்தால், அதுதான் முழு மேக்ரோ. அதற்கென்று உள்ள லென்ஸ் பல ஆயிரம் ரூபாய். "அதுக்கு நாம எங்க போறது?" என்று கேட்பீர்கள். திருப்பூர் மாவட்டத்துப் பிள்ளைகள் இதைக் கேட்கலாமா? பனியன் கம்பெனியில் துணியின் இழையை எண்ணிப் பார்க்க ஒரு சின்ன மடக்கு லென்ஸ் வைத்திருப்பார்கள். என் மாமாவிடம் பழையது ஒன்று இருந்தது. அதைச் செல்போன் கேமராவோடு சேர்த்துப் பிடித்தால் எறும்பின் மீசை தெரிகிறது! அது கிடைக்காதவர்கள் சாதாரணக் கைலென்ஸ் வைத்துப் பார்க்கலாம்.

தொடங்குகிறவர்களுக்கு நான் பழகித் தெரிந்துகொண்ட நான்கு விஷயங்கள்:

1. விடிகாலையில் போங்கள். பூச்சிக்கு நம்மைப் போல நிலையான உடம்புச் சூடு கிடையாது. வெயில் ஏறினால்தான் சுறுசுறுப்பு வரும். அதுவரை அசையாமல் உட்கார்ந்திருக்கும். நம்ம ஊர் ஆடிக் காற்றும் அந்நேரம் கொஞ்சம் அடங்கியிருக்கும்.

2. லென்ஸ் வைத்தால் ஓரிரு அங்குல தூரத்தில்தான் படம் தெளியும். அதிலும் மெல்லிய ஒரு பகுதிதான் தெளிவாக விழும், மற்றதெல்லாம் மங்கிவிடும். அதனால் போனை முன்னும் பின்னும் மெதுவாக நகர்த்தி, பூச்சியின் கண் தெளியும்போது எடுங்கள்.

3. வெயில் நேராக அடித்தால் படம் வெளுத்துவிடும். வெள்ளை பனியன் துணி ஒரு துண்டை மேலே விரித்துப் பிடித்தால் வெளிச்சம் மிருதுவாகும். துணிக்கு நமக்குப் பஞ்சமில்லை!

4. படத்துக்காகக் காட்டுக்குள் போகாதீர்கள், அது புலிகள் காப்பகம். வீட்டுக் கறிவேப்பிலையும் வேலி எருக்கும் போதும். எருக்கம்பால் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எருக்கில் என்ன இருக்கிறது? வெந்தய வரியன் என்ற பட்டாம்பூச்சி அதில்தான் முட்டை வைக்கிறது. அதன் புழு கருப்பு, மஞ்சள், வெள்ளை வரியோடு இருக்கும். முதுகில் மூன்று ஜோடி கருப்புக் கொம்பு. நான் படமெடுத்தபோது, "ஏங்கண்ணு, புழுவையா போட்டோ புடிக்கறே?" என்று பாட்டி சிரித்தார். எருக்கின் விஷத்தைத் தின்று உடம்பில் சேர்த்துக்கொள்வதால் அந்தப் பூச்சியைப் பறவைகள் தொடுவதில்லை. முட்டை, புழு, கூட்டுப்புழு, பட்டாம்பூச்சி நான்கையும் ஒரே செடியில் படமெடுக்கலாம். ஊசியில் குத்திய பட்டாம்பூச்சி, தான் எந்தச் செடியில் பிறந்தது என்று சொல்லுமா?

செல்லைக் கண்டுபிடித்த ராபர்ட் ஹூக்கைப் பாடத்தில் படித்தோமே, அவர் 1665-இல் வெளியிட்ட மைக்ரோகிராபியா நூலில் தெள்ளுப்பூச்சியையும் ஈயின் கண்ணையும் பெரிதாக வரைந்தார். எறும்பு ஓடிக்கொண்டே இருந்ததால் அதற்கு பிராந்தி கொடுத்து மயக்கி வரைந்தாராம்! அவரிடம் கேமரா இல்லை. நம்மிடம் இருக்கிறது.

நமக்குப் பக்கத்திலேயே ஆனைமலைக் காட்டில், ஸ்ரீராம் முரளி என்பவர் மின்மினிகளைப் படமெடுத்தார். 19 விநாடிப் படங்கள் ஐம்பதைச் சேர்த்து உருவாக்கிய அந்தப் படத்துக்கு, லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் போட்டியில் 2023-இல் பரிசு கிடைத்தது. அது மேக்ரோ படம் இல்லை, காடு முழுக்கத் தெரியும் படம். ஆனால் மின்மினியைப் பாட்டிலில் அடைத்தா அந்தப் பெயர் வாங்கினார்?

"படத்தில் காலை எண்ண முடியுமா?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, முகத்துக்கு நேரே ஒன்று என மூன்று படம் எடுத்தால் ஆறு காலும் தெரியும். "எல்லார்கிட்டயும் போன் இல்லையே?" என்றால், ஐந்து பேருக்கு ஒரு போன் போதும். அதுவும் இல்லாதவர்கள் லென்ஸ் வழியாகப் பார்த்து வரையலாம். பார்ப்பதுதானே முக்கியம்.

2019-இல் தமிழ் மறவன் என்ற பட்டாம்பூச்சியை நம் மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவித்தார்கள். மாநிலப் பறவை மரகதப் புறாவை யாராவது அட்டையில் குத்தி வைப்போமா? பட்டாம்பூச்சிக்கு மட்டும் ஏன் அந்தக் கதி?

ஆசிரியர்களிடம் இரண்டு வேண்டுகோள். அடுத்த கண்காட்சியில் பூச்சிப் பெட்டிக்குப் பதில் படச் சார்ட் வைக்க அனுமதி தாருங்கள், பெட்டிக்குத் தரும் மதிப்பெண்ணையே அதற்கும் தாருங்கள். வேலியைச் சுத்தம் செய்யும்போது அந்த எருக்கு வரிசையை மட்டும் வெட்டாமல் விடச் சொல்லுங்கள்.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி