மிச்சம் பிடித்த குழாய்

“கன்ட்ரோல் குழாய் எதற்கு? வீண் செலவு!” என்று ஆராய்ச்சிக் கூடத்தில் சொல்வோர் உண்டு. சென்ற ஆண்டு நானும் அப்படித்தான் சொன்னேன். பட்ட பாட்டைச் சொல்கிறேன், நண்பர்களே!

நம் குருதியிலுள்ள வெள்ளணுக்களுள் ஒருவகை ‘டி’ அணுக்களின் மேற்புறத்தில் சி.டி.4 என்னும் புரதம் இருக்கிறது. எச்.ஐ.வி. கிருமி அணுவுக்குள் நுழைய முதலில் பற்றுவது இதனைத்தான். இப்புரதத்தை நாடிப் பற்றும் எதிர்ப்பொருளை, அதாவது ஆன்டிபாடியை, ஒளிரும் சாயத்தோடு இணைத்து விற்கிறார்கள். அதைக் குருதியில் கலந்து, ஃப்ளோ சைட்டோமீட்டரில் லேசர் ஒளியின் முன் அணுக்களை ஒவ்வொன்றாக ஓடவிட்டால், புரதமுடையவை ஒளிரும், எண்ணிவிடலாம். 1975இல் கோலரும் மில்ஸ்டைனும் ஒரே தன்மையுள்ள எதிர்ப்பொருளை வேண்டுமளவு ஆக்கும் வழி கண்டதன் பயன் இது.

புட்டியோ சுண்டுவிரல் அளவு; விலையோ பல்லாயிரம். கடல் கடந்து வந்து சேர வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஆகவே சிக்கனம் பார்த்தேன். கன்ட்ரோல் குழாய்களை விட்டேன். டி அணுக்களைப் பிரித்துக் காட்டும் சி.டி.3 எதிர்ப்பொருளையும் விட்டேன். ஒளிர்ந்தவற்றையெல்லாம் டி அணு என்றே எண்ணினேன்.

ஆனால், மோனோசைட் என்னும் வேறுவகை வெள்ளணுக்களிலும் சி.டி.4 சிறிதளவு உண்டு! போதாக்குறைக்கு, எந்த எதிர்ப்பொருளாயினும் அதன் வால்பகுதியைப் பற்றிக்கொள்ளும் இயல்பும் அவற்றுக்கு உண்டு. அவையெல்லாம் என் கணக்கில் ஏறிக்கொண்டன. மூன்று மாத உழைப்பு குப்பைக்குப் போயிற்று.

எதிர்ப்பொருள் பொய் சொல்லவில்லை. நான்தான் அதைக் குறுக்கு விசாரணை செய்யத் தவறினேன். எனக்குப் போனது மூன்று மாதம். மருத்துவமனையில் இதே எண்ணிக்கை ஒரு மைக்ரோலிட்டருக்கு 200க்குக் கீழே இறங்கினால் நோயாளி பேராபத்தில் இருக்கிறார் என்று பொருள். அங்கே பிழைபட்டால் போவது உயிரன்றோ?

“பணமில்லாத கூடங்கள் என்ன செய்யும்?” என்று கேட்பது நியாயமே. என் விடை இது: புட்டி வந்தவுடன் அளவைப் படிப்படியாகக் குறைத்துச் சோதித்துப் பாருங்கள். தாளில் அச்சிட்ட அளவைவிடக் குறைவே போதும் என்பது பலமுறை தெரியவரும். அந்த மிச்சத்தில் கன்ட்ரோல் வையுங்கள்.

புட்டியின் மேல் ஒட்டியிருப்பது விற்பவன் சொல். அதை மெய்யா என்று பார்ப்பது நம் கடமை. எதில் வேண்டுமானாலும் சிக்கனம் பிடிப்போம். ஐயப்படுவதில் மட்டும் வேண்டாம்.