செய்தது யார்? பிள்ளையா, பெற்றோரா?

பள்ளிக்கூடத்தில் பருவம் முடியப் போகிறது என்று தெரிந்துகொள்ள நாட்காட்டியைப் பார்க்க வேண்டாம். அம்பத்தூரிலோ, ஆவடியிலோ, பூந்தமல்லியிலோ மாலை ஏழு மணிக்கு ஒரு நோட்டுப் புத்தகக் கடைப் பக்கம் போனால் போதும். கூட்டம் நெரியும். தெர்மகோல், வண்ணத் தாள், பசை, ஜிகினாத் தாள் எல்லாம் பறந்துகொண்டிருக்கும். வாங்குகிறவர்கள் பிள்ளைகள் அல்ல, பெற்றோர்கள்!

"நாளைக்குப் பள்ளிக்கூடத்திலே கண்காட்சி. எரிமலை கொண்டு வரச் சொன்னார்களாம். செய்து வைத்தது இருக்கிறதா?" என்று ஒரு தாய் கேட்பார். கடைக்காரர் எடுத்துக் கொடுப்பார்.

மறுநாள் அந்த எரிமலை முதல் மேசையில் இருக்கும். கீழே பையனுடைய பெயர் இருக்கும். அவன் செய்தது என்ன? அந்தப் பெயர்ச் சீட்டை ஒட்டியதுதான்!

இதற்காகவா வந்தது?

பிள்ளைகள் ஒரு வேலையைத் தாங்களே எடுத்துச் செய்து, அதன் வழியாகப் படிக்க வேண்டும் என்று 1918-ல் அமெரிக்கப் பேராசிரியர் கில்பாட்ரிக் எழுதினார். கைத்தொழில் மூலமாகவே கல்வி வர வேண்டும் என்று 1937-ல் காந்தியடிகள் வார்தா மாநாட்டில் சொன்னார். தமிழ்நாட்டில் 2012-13-ம் கல்வி ஆண்டில் எட்டாம் வகுப்பு வரை முப்பருவ முறை வந்தது. பருவத் தேர்வுக்கு 60 மதிப்பெண். செயல்பாடுகளுக்கும் சிறு தேர்வுகளுக்கும் 40 மதிப்பெண். செயல்திட்டம் என்ற சொல் வீட்டுக்கு வீடு தெரிந்தது அப்போதுதான்.

நோக்கம் நல்ல நோக்கம். மனப்பாடம் செய்ய முடியாத பிள்ளையும் கையால் செய்து காட்டி மதிப்பெண் வாங்கலாம். ஆனால் அந்த மதிப்பெண்ணும் கடையில் விலைக்குக் கிடைத்தால் அந்தப் பிள்ளைக்கு என்ன மிச்சம்?

தொழிலாளர் ஊரில் இப்படியா?

இது கை உழைப்பால் வளர்ந்த வட்டாரம். 1964-ல் அம்பத்தூரில் தொழிற்பேட்டை வந்தது. 1965-ல் விஜயந்தா டாங்கி ஆவடியிலிருந்து வெளியே வந்தது. பிட்டரும் டர்னரும் வெல்டரும் குடியிருக்கும் தெருக்கள் இவை. அப்பா பட்டறையில் இரும்பைக் கடைகிறார். பிள்ளைக்கு ஒரு அட்டையை நேராக வெட்டத் தெரியவில்லை. வெட்டப் போனால், "விடு, நீ கெடுத்துடுவே" என்று கத்தரிக்கோலைப் பிடுங்கிக்கொள்கிறோம்!

இன்னொரு வீடும் இருக்கிறது. அங்கே அப்பா இரவு ஷிப்டுக்குப் போய்விட்டார். கையில் காசு இல்லை. அந்தச் சிறுமி பழைய அட்டைப் பெட்டியை வெட்டி ஒரு கிணறு செய்கிறாள். ராட்டினம் சாய்ந்திருக்கிறது. ஆனால் சுற்றுகிறது! கண்காட்சியில் அந்தக் கிணறு கடைசி மேசைக்குப் போனால், அவள் கற்றுக்கொள்வது என்ன? "உழைப்பு தோற்கும், காசு ஜெயிக்கும்" என்பதைத்தான். பத்து வயதில் கற்கிற பாடமா அது?

காசில்லாமல் செய்யலாம்

நல்ல செயல்திட்டத்துக்குப் பணம் தேவையே இல்லை. வாயிலிருந்து அடிவரை ஒரே அகலம் உள்ள ஒரு டப்பாவை மழையில் வையுங்கள். நின்ற தண்ணீரை ஸ்கேலால் அளந்தால் அதுதான் மழை அளவு. ஒரு சதுர மீட்டர் மாடியில் ஒரு மில்லி மீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். பத்து அடி நீளம், பத்து அடி அகலம் உள்ள மாடியில் பத்து மில்லி மீட்டர் பெய்தால் ஏறக்குறைய 93 லிட்டர். ஆறு குடம்! தண்ணீருக்காகக் குடத்தோடு வரிசையில் நின்ற தாய்க்கு இந்தக் கணக்கைப் பிள்ளை சொன்னால் எப்படி இருக்கும்!

பூந்தமல்லிப் பிள்ளைகளுக்குச் செம்பரம்பாக்கம் ஏரி பக்கத்தில் இருக்கிறது. அதன் முழு உயரம் 24 அடி. மழைக்காலத்தில் ஏரியின் நீர்மட்டம் பத்திரிகையில் வருகிறது. முப்பது நாள் குறித்து வைத்துக் கோடு போட்டால் அது ஒரு செயல்திட்டம். 2015-ம் ஆண்டு வெள்ளத்தின்போது தெருவில் தண்ணீர் எதுவரை வந்தது என்று பெரியவர்களைக் கேட்டு எழுதினால் இன்னொன்று.

தொட்டுப் பார்க்கட்டும்

பூந்தமல்லியில் பார்வையற்ற பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளி ஒன்று உண்டு. அப்பிள்ளைகளுக்கு விரலே கண். தொட்டுப் பார்த்துத்தான் உருவம் தெரியும். மற்றப் பள்ளிகளிலோ, "தொடாதே, உடைந்துவிடும்" என்று அட்டை எழுதி வைக்கிறோம். கண் உள்ள பிள்ளைக்கும் கைதான் முதல் ஆசிரியர் என்பதை மறந்துவிட்டோம்.

இந்த நிலை மாறாததல்ல. 2022-ம் ஆண்டு நவம்பரில் அரசுப் பள்ளிகளில் 6 முதல் 8-ம் வகுப்பு வரை பிள்ளைகள் அறிவியலையும் கணக்கையும் செய்து பார்த்துக் கற்க 'வானவில் மன்றம்' தொடங்கப்பட்டது. வழி அதுதான்.

செயல்திட்டத்தை வீட்டுக்கு அனுப்ப வேண்டாம். பள்ளிக்கூடத்திலேயே ஐந்து ஐந்து பேராகச் சேர்ந்து செய்யட்டும். நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஆசிரியர் எப்படிச் சமாளிப்பார் என்று கேட்கலாம். நாற்பது பேர் எட்டுக் குழுக்களாகிவிடுகிறார்கள். அவருக்கும் சுமை குறையும். மதிப்பெண் போடும்போது அழகைப் பார்க்காமல், "இதை எப்படிச் செய்தாய்?" என்று கேட்கட்டும். செய்த பிள்ளை சொல்லும். வாங்கி வந்த பிள்ளை விழிக்கும்.

பெற்றோர்களே! அடுத்த கண்காட்சிக்குப் போகும்போது தெர்மகோல் சுமந்து போகாதீர்கள். கையை வீசிக்கொண்டு போங்கள். உங்கள் பிள்ளை செய்த கிணற்றின் ராட்டினம் கோணலாக இருக்கலாம். இருக்கட்டும். அதைச் சுற்றிப் பாருங்கள். சுற்றினால், பிள்ளை படித்துவிட்டான் என்று பொருள்.