வீட்டிலிருந்து வேலை: செலவு யாருடையது?



இந்தத் தலைப்பைக் கண்டதும் "இன்றைய நவீன உலகிலே..." என்று தொடங்கிவிடுகிறீர்கள். சற்றுப் பொறுங்கள். உங்கள் ஒழுங்கையில் தையல் மெஷினோடு இருக்கும் அக்காவும், பனையோலையில் பெட்டி இழைக்கும் ஆச்சியும் எத்தனையோ காலமாக வீட்டிலிருந்துதான் உழைக்கிறார்கள். அலுவலக வேலை பரவலாக வீட்டுக்கு வந்தது 2020 மார்ச்சில், கொவிட் 19 காரணமாக ஊரடங்குச் சட்டம் போடப்பட்டபோது. 2022 ஜூனில் எரிபொருள் தட்டுப்பாட்டினால் அரச உத்தியோகத்தர் பலரும் வீட்டிலிருந்தே கடமையாற்றுமாறு பணிக்கப்பட்டனர்.

நன்மை இல்லையென்று நான் கூறவரவில்லை. கொழும்பு நிறுவனத்துக்கு வேலை செய்யும் வவுனியாப் பிள்ளை வெள்ளவத்தையில் அறை வாடகை கட்டத் தேவையில்லை. பஸ் பயணம் மிச்சம். நடக்க இயலாதவருக்கும் உழைக்க வழி பிறக்கிறது. இவற்றைக் கட்டாயம் எழுதுங்கள்.

ஆனால் அலுவலகத்தில் மேசை, மின்விசிறி, மின்சாரம், இணையம் எல்லாம் முதலாளியின் செலவு. வேலை வீட்டுக்கு வரும்போது அந்தச் செலவும் கூடவே வருகிறது. சம்பளம் பெரும்பாலும் அதே சம்பளந்தான். 2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டது. அப்போது வீட்டிலிருந்து வேலை செய்தவர் கணினியை எதில் இயக்குவது?

மின்கட்டணத்தையாவது பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். "வீட்டிலேதானே இருக்கிறாய்" என்ற சொல்லுக்குக் கட்டணச் சீட்டு வருவதில்லை. 2020இல் நான் தொலைபேசியில் வகுப்பெடுத்தபோது, "தம்பி, கடைக்கு ஓடிப்போய் வா" என்று அம்மா கூப்பிடுவது மாணவர் அத்தனை பேருக்கும் கேட்கும். எனக்கு அது பகிடி. அடுப்பில் சோறு, மடியில் குழந்தை, காதில் மேலதிகாரியின் குரல் என்றிருக்கும் பெண்ணுக்கு அது பகிடியல்ல. அவளுடைய வேலைநாள் ஐந்து மணிக்கு முடிவதுமில்லை.

ஆகவே வீட்டிலிருந்து வேலை செய்யும் முறையை ஒரு நிபந்தனையோடுதான் ஆதரிப்பேன். இணையத்துக்கும் மின்சாரத்துக்கும் முதலாளி பணம் தரவேண்டும். வேலை முடியும் நேரத்தை எழுத்தில் தரவேண்டும். நீங்கள் இதை மறுத்தும் எழுதலாம். ஆனால் காரணம் காட்டி எழுதுங்கள்.

எனது வகுப்பு மாணவன் ஒருவனின் வீட்டில் அப்போது ஒரேயொரு தொலைபேசிதான் இருந்தது. பகல் முழுவதும் அது அவனுடைய அக்காவின் வேலைக்கு. பாடக் குறிப்புகளை அவன் பார்ப்பது இரவு பத்து மணிக்குப் பிறகு. அந்த இரவுகளும் இந்தச் செலவில் சேர்ந்தவை.