நிண்டுபோற வண்டியும் நிக்காத வண்டியும்

ஆனையிறவுக்கு அங்கால மோட்டார் சைக்கிளில் போகப்போறம் எண்டு வீட்டில சொல்லிப் பாருங்கோ. முதல் வருகிற கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "உந்த வண்டிய நம்பி அவ்வளவு தூரம் போகலாமோ?" அம்மா கேட்பா, மாமா கேட்பார், படலையடியில் நிற்கிற பக்கத்து வீட்டு ஐயாவும் கேட்பார். எங்கள் கூட்டத்துக்குள்ளும் இதே கதைதான். களஆய்வுக்கு முல்லைத்தீவு போறதோ, நண்பன்ர அக்காவின் கலியாணத்துக்கு வவுனியா போறதோ, சும்மா மன்னார் வரைக்கும் ஒரு சுற்றுப் போறதோ, முந்தின இரவு வட்சப் குழுவில் நடப்பது முழுக்க எஞ்சின் விசாரணை. பல்சர் சூடாகுமோ, எஃப்.சி. இழுக்குமோ, டியோவில இரண்டு பேர் ஏறிப் போனால் பெல்ற் அறுமோ, ஒயில் எப்ப மாத்தினது, ஏதோ கிலுகிலு எண்டு சத்தம் வருதே அது என்ன.

இந்தக் கவலை பொய்யில்லை. ஆனால் இடம் மாறி நிற்கிறது என்று நாங்கள் நினைக்கிறோம். எல்லாரும் பயப்படுவது வண்டி இடைவழியில் நிண்டுபோறதுக்கு. நிப்பாட்ட வேண்டிய இடத்தில் அது நிக்குமோ என்று ஒருவரும் கேட்பதில்லை.

முதல் பயம் எங்கேயிருந்து வந்தது என்பது எங்களுக்கு விளங்கும். 1990 ஜூனில் போர் திரும்பவும் தொடங்கிய பிறகு, பொருளாதாரத் தடைக்குள் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது நின்றது. அப்பாமார் எம்.டி. 90ஐயும் சி 50ஐயும் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். குளிர்ந்த எஞ்சினுக்குள் மண்ணெண்ணெய் ஆவியாகாது; ஆனபடியால் சின்னப் போத்தலில் பொத்திப் பொத்தி வைத்திருந்த பெற்றோலில் நாலு துளியைக் காபுரேற்றருக்குள் விட்டு, உதைத்து ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடேறின பிறகுதான் மண்ணெண்ணெய்க்கு மாற வேண்டும். வழியில் நிண்டால் திரும்ப அந்த நாலு துளிக்கு எங்கே போறது? பிளக்கில் கரி பிடிக்கும், கழற்றித் துடைக்க வேண்டும். நிற்கிற இடம் ஷெல் விழுகிற இடமாகவும் இருக்கலாம். ஆனையிறவுப் பாதை மூடப்பட்டிருந்ததால் கிளாலிக் கடல்நீரேரியைப் படகில் கடந்த காலம் அது. 2002 இல் ஏ9 திறந்தது, 2006 ஓகஸ்டில் திரும்ப மூடுண்டது. பாதை எப்ப இருக்கும், எப்ப இராது எண்டு தெரியாத ஒரு தலைமுறைக்கு, ஓடிக்கொண்டே இருக்கிற வண்டிதான் நல்ல வண்டி.

எங்களுக்கும் அதில் ஒரு சின்னப் பங்கு கிடைத்தது. 2022 இல் கியூ.ஆர். வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர். லீற்றருக்கு 50 கிலோமீற்றர் எண்டு தாராளமாக வைத்தாலும் 200 கிலோமீற்றர்தான். வவுனியாவுக்குப் போய் வர ஏறத்தாழ 280. ஆக, போகலாம், வரேலாது. அந்த நாட்களில் தாங்கியைக் குலுக்கிக் குலுக்கிப் பார்த்த பழக்கம் இன்னும் எங்களில் பலருக்குப் போகவில்லை.

இரவில் றோட்டில் நிற்பதற்கு இங்கே வேறொரு அர்த்தமும் உண்டு. 2016 ஒக்ரோபரில் கொக்குவில் குளப்பிட்டியில், மோட்டார் சைக்கிளில் வந்த எங்கள் பல்கலைக்கழக மாணவர் இருவர் பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டுச் சம்பவத்தில் இறந்தார்கள். அந்தப் பயத்தை எந்தக் கராச்சிலும் திருத்தேலாது. அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

சரி, இன்றைக்கு உண்மையில் ஒரு வண்டியை நிறுத்துவது எது? எஞ்சின் மிகக் குறைவு. ஒழுங்காக ஒயில் மாற்றின 100, 150 சி.சி. எஞ்சின் ஏ9 மாதிரி மேடு பள்ளமில்லாத வீதியில் சும்மா செத்துப் போகாது. தள்ள வைப்பது சில்லறைச் சாமான்கள்: ரியூப்பில் ஒரு ஆணி, தொய்ந்துபோய்க் கழண்ட செயின், நுனியில் நாலு கம்பி மட்டும் மிஞ்சியிருந்த கிளச் வயர், மழைத் தண்ணி போன பிளக் மூடி, சாகக் கிடந்த பற்றரி. எல்லாமே முதலே தெரியக்கூடியவை. எல்லாமே கையில் கொண்டுபோகக்கூடியவையும்தான்: ஒரு ரியூப், ஒரு பிளக், ஒரு கிளச் வயர், ஸ்பனர் இரண்டு. இதற்கு மேலே கொடிகாமம், பளை, பரந்தன், கிளிநொச்சி, மாங்குளம், புளியங்குளம் எண்டு கராச் இல்லாத சந்தி ஏ9இல் இல்லை. முறிகண்டியில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக் கொறிக்கிற நேரத்தில் செயினைக் கையால் ஒருக்கால் தூக்கிப் பார்த்தால் பிள்ளையாரின் வேலையில் பாதி குறையும். பூநகரி, வெள்ளாங்குளம் பக்கத்தால் மன்னார் போகிற ஏ32 வேறு விதம். அங்கே வீடுகளே தூரத்தூரத்தில்தான். அந்தப் பாதைக்கு மட்டும் அம்மாவின் கேள்வி முழுக்கச் சரி.

ஆனால் வண்டி நிண்டால் நடப்பது என்ன? நேரம் போகும், வெயிலில் தள்ள வேண்டும், யாராவது டிமோ பட்டாக்காரரைக் கை காட்டி மறிக்க வேண்டும். அவமானம், அலுப்பு, கொஞ்சம் காசு. ஆள் இருக்கும்.

வண்டி நிக்காட்டி ஆள் இராது. இலங்கையில் வருசத்துக்கு 2,000 பேருக்கு மேல் வீதியில் சாகிறார்கள். அதில் மோட்டார் சைக்கிளில் போனவர்களின் பங்குதான் பெரிது. காலையில் பேப்பரைத் திறந்தால் எங்கள் வயதுப் படங்கள்.

போருக்குப் பிறகு போட்ட காபெற் றோட்டில் 80 என்பது வேகம் மாதிரியே தெரியாது. பழைய குண்டும் குழியுமான பாதையில் 40இல் போகும்போதே உடம்பு எச்சரிக்கும். இப்போது மாங்குளம் தாண்டினால் காடும் நேர்கோடும்தான், உடம்பு நித்திரை கொள்ளப் பார்க்கும். 80இல் போகும் வண்டி ஒரு வினாடியில் 22 மீற்றர் ஓடிவிடும். கண்ணில் பட்டு, மூளைக்குப் போய், கை பிரேக்கைத் தொடுவதற்கே அந்த ஒரு வினாடி போகும். அதன் பிறகு, நல்ல பிரேக்கும் நல்ல ரயரும் இருந்தால், காய்ந்த றோட்டில் முழுதாக நிற்க எல்லாமாகச் சேர்த்து ஏறத்தாழ 60 மீற்றர் வேண்டும். 60இல் போனால் அதே கணக்கு 40 மீற்றருக்குள் முடிந்துவிடும். இப்ப இரவில் உங்கள் வண்டியின் டிம் லைற் எவ்வளவு தூரம் காட்டுது எண்டு ஒருநாள் கால்களால் எண்ணிப் பாருங்கோ. அந்த வெளிச்சத்துக்கு வெளியே கட்டாக்காலி மாடு ஒன்று படுத்திருக்கும். கறுப்பு மாடாகவே இருக்கும். அறுவடைக் காலமெண்டால் வீதியின் கால்வாசியில் நெல் காயும், அதைச் சுற்றிக் கல்லு வைத்திருப்பார்கள். மணல் டிப்பர் ஒன்று பின் லைற் இல்லாமல் ஓரத்தில் நிற்கும். இவை அபூர்வமான விபத்துகளில்லை, வன்னியின் அன்றாடம்.

இதில் முன் பிரேக் பற்றி ஒரு கதை இருக்கிறது. "முன் பிரேக் பிடிக்காத, கவிட்டுக் கொட்டிப்போடும்" என்று எங்களுக்குச் சொல்லித்தான் ஓடப் பழக்கினார்கள். மணல் ஒழுங்கைக்கு அது நூற்றுக்கு நூறு சரியான புத்திமதி. மணலில் முன் சில்லு இறுகினால் சறுக்கும், விழுவீர்கள். ஆனால் காபெற் றோட்டில் பிரேக் பிடிக்கும்போது பாரம் முழுக்க முன்னுக்குச் சரியும். வண்டியை நிறுத்துகிற வேலையில் பெரும்பகுதியை முன் சில்லுதான் செய்யும், பின் சில்லு பாரம் குறைந்து கீறிக்கொண்டு போகும். ஒழுங்கையில் படித்த பாடத்தோடு ஏ9இல் ஏறுகிறவர் தன் பிரேக்கின் பாதியைவிடக் கூடுதலானதை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகிறார். இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் 125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய வண்டிகளுக்கு ஏ.பி.எஸ். கட்டாயம். எங்கள் கைகளில் ஓடுவதில் பெரும்பாலானவை 2020 மார்ச்சில் இறக்குமதியை நிறுத்துவதற்கு முன் வந்திறங்கியவை. தடை நீங்க 2025 ஆகிவிட்டது. இடைப்பட்ட ஐந்து வருசமும் அதே வண்டிகள்தான் கை மாறிக் கை மாறி, விலை ஏறி ஏறி, ஓடின. எஞ்சினைப் பார்த்து வாங்கினார்கள். பிரேக் லைனரைப் பார்த்து வாங்கினவரை எங்களுக்குத் தெரியாது.

ஊரில் இதற்கு ஒரு ஆயத்த விளக்கம் உண்டு: "வெளிநாட்டுக் காசு, பெடியளுக்குக் கொழுப்பு." அப்படிப்பட்டவர்கள் இல்லையென்று சொல்ல மாட்டோம். சைலன்சர் மாத்துற காசில் பின் ரயர் ஒன்று வாங்கலாம் என்று நாங்களே நண்பர்களோடு சண்டை பிடிக்கிறோம். ஆனால் கலைப்பீடத்து வண்டித் தரிப்பிடத்தில் வந்து பாருங்கோ. பெரும்பாலும் அப்பாவின் பழைய டிஸ்கவர், அண்ணன் லீசிங்கில் எடுத்துக் கட்டி முடித்தது, மூன்று பேர் கை மாறினது. அவற்றில் வழுக்கைத் தலை மாதிரி மினுங்குகிற ரயர்கள் கொழுப்பால் வந்தவை இல்லை. மாசக் கடைசியில் ரயர் காத்திருக்கலாம் எண்டு வீடே தீர்மானிக்கிறது. பிளக் காத்திருக்கேலாது, ஏனெண்டால் வண்டி ஸ்ராட் வராது. அதாவது வண்டி எதைச் சத்தம் போட்டுக் கேக்குதோ அதுக்குத்தான் காசு போகுது. ரயரும் லைனரும் சத்தம் போடாமல் தேயும்.

எங்கள் பெண் நண்பர்களுக்கு இந்தக் "நம்பேலாது" வேறு மாதிரி வேலை செய்கிறது. சாவகச்சேரியிலிருந்து திருநெல்வேலிக்கு ஸ்கூட்டியில் வந்து போகிறவளுக்கு நாளுக்கு ஏறத்தாழ 35 கிலோமீற்றர், மாதத்துக்கு 700. அதே வண்டியில் கிளிநொச்சிக்குப் போறன் எண்டால் "உந்தச் சாமானை நம்பேலாது பிள்ளை". 700 கிலோமீற்றருக்கு நம்பின வண்டி 65க்கு எப்படி நம்பிக்கை கெட்டது? அங்கே வண்டி ஒரு மரியாதையான சாட்டு. அதுக்கும் பதில் எஞ்சினில் இல்லை. (சின்னச் சில்லு ஸ்கூட்டர்கள் பள்ளத்தில் கூட விழும் என்பது மெய், அதை யாரும் காரணமாகச் சொல்லிக் கேட்கவில்லை.)

அரசாங்கமும் எங்கள் மாமாமார் மாதிரித்தான். வருசாவருசம் வரி அனுமதிப்பத்திரம் புதுப்பிக்க மோட்டார் சைக்கிளைப் புகைப் பரிசோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். குழாயைச் சைலன்சருக்குள் விட்டு எஞ்சின் ஒழுங்காக மூச்சு விடுதோ எண்டு பார்ப்பார்கள். லொறிக்கும் பஸ்ஸுக்கும் கேட்கிற தகுதிச் சான்றிதழ் எங்கள் வண்டிகளுக்கு இல்லை. வழுக்கை ரயரோடு போய், இரும்போடு இரும்பு உரசுகிற பிரேக்கோடு போய், புகை நல்லமெண்டால் சான்றிதழை வாங்கிக்கொண்டு வரலாம். புகையைப் பார்க்க வேண்டும், சரி. அந்த வரிசையில் எப்படியும் காத்து நிற்கிற வண்டியின் ரயரையும் பிரேக்கையும் லைற்றையும் பார்க்க இன்னும் ஐந்து நிமிசம் போதும். அதைக் கட்டாயமாக்கச் சொல்லிக் கேட்க வேண்டியது எங்கள் வயதுக்காரர்தான், சாகிறதும் நாங்கள்தானே.

அதுவரைக்கும் நாங்களே பார்க்கலாம், கஷ்டமில்லை. ரயரின் பக்கத்தில் முட்டை வடிவக் கட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும்: 2319 எண்டால் 2019 ஆம் ஆண்டின் 23ஆவது கிழமையில் செய்தது. பூ எவ்வளவு இருந்தாலும் பழைய றப்பர் காய்ந்து இறுகிப்போயிருக்கும், மார்கழி மழையில் பிடிக்காது. பல வண்டிகளில் பின் ட்ரம்மின் கையில் ஒரு சின்ன அம்புக்குறி உண்டு. பிரேக்கை மிதிக்கும்போது அது ட்ரம்மில் உள்ள அடையாளத்தைத் தொட்டால் லைனர் முடிஞ்சுது. முன்னுக்கு டிஸ்க் எண்டால் ஹாண்டிலில் உள்ள பிரேக் ஒயிலின் நிறத்தைப் பாருங்கோ. தெளிவாக இருக்க வேண்டியது சாயம் கூடின தேத்தண்ணி மாதிரி இருந்தால், முல்லைத்தீவை அடுத்த சனிக்கு ஒத்தி வையுங்கோ.